மலையில் ஜிப்சம் வேலை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் தங்கை மகன் பத்தாவது முடித்தவன், வயது 18. ஜிப்சம் போர்டு, ஃபால்ஸ் சீலிங் வேலை கற்க ஆசைப்படுகிறான். மேஸ்திரியிடம் சேர்த்துவிடலாமா, முறையான பயிற்சிக்கு அனுப்பலாமா? (குன்னூர் வாசகர்)

பதில்: முடிந்தால் பழகுநர் (அப்ரெண்டிஸ்) ஒப்பந்தத்தோடு சேருங்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். நம் மலையிலோ மேஸ்திரியும் இரண்டு ஆளுமாக ஓடும் கோஷ்டிகளே அதிகம். அவர்களிடம் ஒப்பந்தம் எதிர்பார்க்க முடியாது. கோயம்புத்தூரில் உள்ள பெரிய இன்டீரியர் கம்பெனிகளைக் கேட்டுப் பாருங்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. ஆனால் ஒப்பந்தம் அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிப் பையனை அனுப்பாதீர்கள்.

மேஸ்திரியிடம்தான் என்றாலும் தவறில்லை. முதல் சில மாதம் போர்டு தூக்குவதும் ஜாயிண்ட்டில் பூசும் காம்பவுண்ட் பசை கலக்குவதுமாகத்தான் போகும். ஆறு மாதமாகியும் நூல் அடித்துக் கோடு போடவோ ஃபிரேம் கட்டவோ விடாத இடத்தில் ஹெல்பராகவே காலம் தள்ளவேண்டியதுதான், இடம் மாறிவிடட்டும்.

சீலிங் ஃபிரேமின் அளவுகள் மனப்பாடமாக வேண்டும். முதலில் சுவரைச் சுற்றிப் பெரிமீட்டர் சேனல் என்ற தகரப் பட்டை. மேலே 1220 மி.மீ. இடைவெளியில் இன்டர்மீடியட் சேனல். அதற்குக் குறுக்கே 457 மி.மீ. இடைவெளியில், போர்டை ஸ்க்ரூ அடிக்கும் சீலிங் செக்‌ஷன். 457 எதற்கு என்று பையனைக் கேட்டுப் பாருங்கள். 6 அடி போர்டு 1829 மி.மீ.; அதை நாலாகப் பிரித்தால் 457. போர்டின் முனை சரியாக ஒரு செக்‌ஷன் மேல் வந்து உட்காரும். 480 ஆக விட்டால் முனை அந்தரத்தில் தொங்கும், சில மாதத்தில் அங்கே கோடு விழும். 12.5 மி.மீ. போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ, 230 மி.மீ.க்கு ஒன்று, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே. ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே பதிய வேண்டும். கிழித்துவிட்டால் அந்த ஸ்க்ரூ எதையும் பிடிக்காது. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று அடிக்க வேண்டும்.

கேள்வி: தகரக் கூரை வீட்டில் போன ஐப்பசியில் சீலிங் போட்டோம். தை மாதத்திலேயே ஜாயிண்ட் வெடித்து, அங்கங்கே பழுப்புக் கறை. போர்டு மட்டமா? (உதகை வாசகி)

பதில்: போர்டைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஐப்பசி மழையில், மூடுபனியில் காம்பவுண்ட் உலர நாளாகும். ஈரம் போவதற்குள் அடுத்த பூச்சைப் பூசினால் உள்ளே இருக்கும் பூச்சு பிறகு சுருங்கி வெடிக்கும். அவசரத்துக்குக் கரியடுப்பு மூட்டுகிறார்கள். மேல்தோல் மட்டும் காயும், வெடிப்பு முன்கூட்டியே வரும். அதைவிட, பூட்டிய அறையில் கரியடுப்புப் புகை உயிரைக் குடிக்கும். தண்ணீர் வற்றுவதற்குக் காத்திராமல் தானாகவே இறுகும் வகைக் காம்பவுண்ட் இங்கே நல்லது. அதற்கும் பெயின்ட் அடிக்கும் முன் நன்றாகக் காய வேண்டும்.

கறைக்குப் பெரும்பாலும் காரணம் தகரம்தான். மார்கழி, தை இரவுகளில் வீட்டின் வெதுவெதுப்பான காற்று மேலேறி, குளிர்ந்த தகரத்தின் அடியில் நீர்த்துளியாகி போர்டின் முதுகில் சொட்டும். கூரை ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தகரத்தின் அடியில் இன்சுலேஷன் ஒட்டி, காற்றோட்டத்துக்கு வழிவிட்ட பிறகே சீலிங் அடிக்க வேண்டும். பச்சை நிற போர்டு ஈரத்தைத் தாங்கும். சொட்டும் தண்ணீரைத் தாங்காது. பார்ட்டிஷன் போடுவதானால் போர்டைத் தரையிலிருந்து 10 மி.மீ. தூக்கி அடிக்கச் சொல்லுங்கள். தரை கழுவும் தண்ணீரை ஜிப்சம் திரி போல உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: தொடக்கத்தில் என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: 5 மீட்டர் டேப், சாக் நூல், தகரக் கத்தரி, போர்டு கத்தி, 6 அங்குலம், 10 அங்குலப் பட்டிப் பிளேடுகள், முகக்கவசம். ஸ்க்ரூ கன் இரண்டாம் சம்பளத்தில். லேசர் லெவல் இப்போது வேண்டாம். தண்ணீர் ஊற்றிய டியூப் லெவலில் நான்கு மூலைக்கும் மட்டம் எடுக்கத் தெரியாதவனுக்கு லேசர் சாயும்போது தெரியாது.

கேள்வி: எட்டு வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஒரு கம்பெனி சான்றிதழ் கேட்கிறது. மறுபடி படிக்க வேண்டுமா? (கூடலூர் வாசகர்)

பதில்: தேவையில்லை. முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை கட்டுமானத் திறன் பயிற்சித் திட்டங்களில் இருக்கிறது. குறுகிய வகுப்பும் செய்முறைத் தேர்வும்தான். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள். அப்படியே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம், புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.