பிங்கிரியின் கிழங்குக் கொல்லை

அன்புள்ள ஐயா,

டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்கிரி, வேலையில்லாதவர்களுக்குக் காலி மனைகளைக் கொடுத்து உருளைக்கிழங்கு போடச் சொன்னாராம். பட்டினி கிடப்பவன் கையில் மண்வெட்டியைக் கொடுப்பது வெறும் விளம்பரம்தானே? நிஜமாகவே ஏதாவது விளைந்ததா?

ரா.

அன்புள்ள ரா.,

விளைந்தது. அன்றும் பலர் உங்களைப் போலத்தான் சிரித்தார்கள். ‘கிழங்குக் கொல்லை பிங்கிரி’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1893 நிதி நெருக்கடியில் டெட்ராய்ட் ஆலைகள் ஆட்களை வெளியேற்றின. நிவாரணப் பணம் கரைந்துகொண்டிருந்தது. நகரத்து ஓரங்களிலோ விலை ஏறட்டும் என்று போட்டுவைத்த மனைகளில் புல் மண்டிக் கிடந்தது. 1894இல் பிங்கிரி அதில் 430 ஏக்கரை இரவல் வாங்கினார். உழுது, பரம்படித்து, முளைக்குச்சி அடித்துப் பிரித்துக் கொடுப்பது கேப்டன் கார்டனர் என்ற ராணுவ அதிகாரி தலைமையிலான குழுவின் வேலை. வாங்க வழியில்லாதவர்களுக்கு விதையும் தந்தார்கள். நடுவது, களை கொத்துவது, மண் அணைப்பது, தோண்டுவதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் பாடு. ஆளுக்குக் கால் முதல் அரை ஏக்கர்.

இடித்தது பணம்தான். தேவாலயங்களில் உண்டியல் குலுக்கியும் சொற்பமே தேறியது. பிங்கிரி தன் குதிரையை ஏலத்தில் விற்றார். சுமார் 3,000 குடும்பங்கள் கேட்டு வந்தன. நிலம் கிடைத்தது 945 குடும்பங்களுக்கு. இந்த இழுபறியில் நடவு தள்ளிப்போனது. உறைபனி விழுவதற்குள் கிழங்கு பருக்க வேண்டும், அந்தக் கோடையிலோ மழையும் இல்லை. கிழங்கோடு அவரையும் டர்னிப்பும் போட்டது நல்லதாயிற்று. செலவு சுமார் 3,600 டாலர். விளைச்சலின் மதிப்பு 12,000 டாலருக்கு மேல். பிறகு பஃபலோ, நியூயார்க் போன்ற நகரங்களும் இதைச் செய்தன.

ஆனால் பிங்கிரியைக் கிழங்கை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். ஆலையில் செருப்புத் தோல் வெட்டியவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரிகளிடம் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறையில் கிடந்தவர், டெட்ராய்ட்டில் சார்லஸ் ஸ்மித்துடன் சேர்ந்து ஷூ தொழிற்சாலை நடத்திப் பணக்காரரானவர். பணக்காரர், நம்மவர் என்றுதான் 1889இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் அவரை நிறுத்தினார்கள். பதவிக்கு வந்தவர் தெருவிளக்கு, கேஸ், டிராம் என்று அவர்கள் பங்கு வைத்திருந்த கம்பெனிகள் மீது ஒவ்வொன்றாகக் கை வைத்தார்! 1895இல் தெருவிளக்குக்கு நகராட்சியே மின்நிலையம் கட்டியது. அதே ஆண்டு, 5 சென்ட் வாங்கிய பழைய டிராம் கம்பெனிக்குப் போட்டியாக இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதில் பகலில் 25 சென்ட்டுக்கு எட்டு டிக்கெட்.

1896இல் மிச்சிகன் கவர்னராக ஜெயித்தபோது மேயர் நாற்காலியையும் விட மனமில்லை. மாநில உச்ச நீதிமன்றம்தான் இறக்கிவிட்டது. இது அவருடைய பேராசை என்றே நினைக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அவரோடு மல்லுக்கு நின்ற டிராம் முதலாளிகளில் ஒருவர் டாம் ஜான்சன். அவரே 1901இல் கிளீவ்லாந்து மேயராகி, 3 சென்ட் கட்டணத்துக்காக ஆண்டுக்கணக்கில் டிராம் கம்பெனிகளோடு சண்டை போட்டார்.