சிறுகோள்கள்: கல்லா, இரும்பா?

கேள்வி: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருந்த ஒரு கோள் வெடித்துச் சிதறித்தான் சிறுகோள்கள் வந்தன என்று என் மகனுக்கு ட்யூஷனில் சொன்னார்களாம். சரியா? அவை கல்லா, இரும்பா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அப்படி ஒரு கோள் அங்கே இருந்ததே இல்லை, அம்மா. சிறுகோள்கள் சுற்றிவரும் அந்தப் பட்டையில் இருப்பதையெல்லாம் ஒன்றாகத் திரட்டினாலும் நிலாவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். 460 கோடி ஆண்டுகளுக்கு முன் தூசியும் கல்லும் ஒட்டி ஒட்டிக் கோள்களாகிக்கொண்டிருந்த காலத்தில், வியாழனின் ஈர்ப்பு அங்கிருந்தவற்றைச் சேரவிடவில்லை. சேராமல் நின்ற மிச்சம்தான் இவை.

கல்லும் உண்டு, இரும்பும் உண்டு. என் அப்பா திருவொற்றியூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். லீவு நாளில் மதியச் சாப்பாடு கொண்டுபோனால் வாசலோரம் நின்று பார்ப்பேன். வாளியில் பிடித்த இரும்புக் குழம்பின் மேல், பாலில் ஆடை மாதிரி கசடு மிதக்கும். நீளக் கம்பியால் அதை ஒதுக்கிக்கொண்டே, "கல்லு, மண்ணு எல்லாம் மேல வந்துடும்டா. இரும்பு அடியில நிக்கும்" என்பார். ஆதியில் உருவான சில சிறுகோள்களுக்குள்ளும் இதுதான் நடந்தது. அங்கே உலை மூட்டியது அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள். அந்தச் சூட்டில் உருகி, இரும்பும் நிக்கலும் நடுவுக்கு இறங்கின. கல் மேலே நின்றது. அப்புறம் மோதலில் அவற்றில் சில உடைந்தன. பூமியில் விழும் இரும்பு விண்கற்களில் பல, அந்த நடுப்பகுதியின் துண்டுகள். உடைந்தது என்று ட்யூஷனில் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் உடைந்தவை பல சின்னப் பிண்டங்கள், ஒரு பெரிய கோள் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை உருகாமல் தப்பியவை. கரி போலக் கறுத்த, கார்பன் மிகுந்த இந்த வகைதான் பட்டையில் அதிகம். பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா 2023-ல் 121.6 கிராம் மண் கொண்டுவந்தது. அதில் களிமண் கனிமங்கள், அமினோ அமிலங்கள், கூடவே உப்புநீர் வற்றிப் படிந்த உப்புகளும் இருந்தன. காசிமேட்டுப் பாறைகளில் அலைநீர் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதே மாதிரி வற்றிப் படிந்த உப்பு! உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: நம் ஊரிலிருந்து யாராவது சிறுகோள் கண்டுபிடித்திருக்கிறார்களா?
– மாணவர், வண்ணாரப்பேட்டை

பதில்: ஓ, உண்டு! நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வு நிலையத்தில், 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். அது கல் வகை. 1866-ல் அவரே இங்கிருந்து கண்டுபிடித்த சில்வியா என்ற சிறுகோளை இரண்டு குட்டி நிலாக்கள் சுற்றுகின்றன என்பது 2005-ல் தெரியவந்தது.