கழுவும் ஏர் ஃபில்டர்: கேள்வி-பதில்

கேள்வி: கழுவித் திரும்பப் பயன்படுத்தும் கார் ஏர் ஃபில்டர் வாங்கினேன். அதைக் கழுவி, க்ளீனரும் ஆயிலும் சேர்ந்த கிட்டில் வந்த சிவப்பு ஆயிலைத் தாராளமாகத் தெளித்து மாட்டினேன். இப்போது செக் என்ஜின் விளக்கு எரிகிறது. போலி ஃபில்டரை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: கடைக்காரரைத் திட்டும் முன் உங்கள் கடிதத்தையே ஒருமுறை படியுங்கள். ‘தாராளமாக’ என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். ஃபில்டரைத் தாண்டியதும் பல கார்களில் காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார் ஒன்று இருக்கும். அதற்குள் சூடேறிய மெல்லிய கம்பி. காற்று அதை எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று காரின் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. மிஞ்சிய ஆயில் அந்தக் கம்பியில் படிந்தால் கணக்குத் தப்பும். அந்த சென்சாருக்கென்றே விற்கும் க்ளீனர் ஸ்பிரேயை அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பிரேக் க்ளீனர் வேண்டாம், விரலும் படக் கூடாது. ஃபில்டரையும் மறுபடி கழுவி, அளவாக ஆயில் போடுங்கள். அப்புறமும் விளக்கு எரிந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து, கார் கம்ப்யூட்டர் என்ன கோளாறு காட்டுகிறது என்று ஸ்கேன் செய்து பாருங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம்.

கேள்வி: பெட்ரோலில் கழுவினால் சீக்கிரம் அழுக்குப் போகுமாமே?

பதில்: போகும், ஃபில்டரும் சேர்ந்து போகும். கூடாது.

கேள்வி: கழுவிய ஃபில்டரை மெக்கானிக் கம்ப்ரசரில் ஊதி உடனே காயவைத்துத் தருகிறேன் என்கிறார். சரியா?

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருப்பது கம்பி வலைகளுக்கு நடுவே அடுக்கிய மெல்லிய பருத்தித் துணி. அந்த வேகத்துக்கு இழைகள் விலகி ஓட்டை விழும். ஹேர் டிரையர் சூடும் ஆகாது. க்ளீனரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், அதற்குள் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயை மெதுவாகத் திறந்து, என்ஜினைப் பார்த்திருந்த பக்கத்திலிருந்து தண்ணீரை விடுங்கள். அழுக்கு வந்த வழியே வெளியேறும். நிழலில் ஓர் இரவு கிடக்கட்டும். ஈரம் துளிகூட இல்லையென்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு மடிப்பின் உச்சியிலும் மெல்லிய கோடாக ஆயில். இருபது நிமிடத்தில் அதுவாகவே பரவும். வெளுத்த திட்டு எங்காவது தெரிந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் தொட்டுவிடுங்கள். ஆயிலே போடாமல் மாட்டிவிடாதீர்கள், நுண்தூசியைப் பிடிப்பதே அந்தப் பிசுபிசுப்புதான். என்ஜின் ஆயிலும் அதற்கு மாற்று அல்ல.

கேள்வி: ‘வாழ்நாள் முழுக்க ஒரே ஃபில்டர், மைலேஜும் கூடும்’ என்று சொல்லி விற்றார்கள். மைலேஜ் அப்படியேதான் இருக்கிறது. இப்போது க்ளீனர், ஆயில் கிட்டைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: உங்களிடம் கோபமில்லை, விற்றவர் மேல்தான். அந்த ‘வாழ்நாள்’ எனக்கு நெடுநாள் எரிச்சல். ஃபில்டர் விலையை அட்டையில் பெரிதாகப் போடுவார்கள், கிட்டைப் பற்றிப் பேச்சே இருக்காது. பேப்பர் ஃபில்டர் விலையோடு ஒப்பிடும்போது கிட் செலவையும், கழுவிக் காயவைக்கப் போகும் ஒரு நாளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கார் சில வருடத்தில் கைமாறும் என்றால் லாபம் சந்தேகம்தான். மைலேஜ் கதை இன்னும் மோசம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்தது: எரிபொருளைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்றைய பெட்ரோல் கார்களில், ஃபில்டர் அடைத்துக்கொண்டாலே மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. அடைத்தே குறையாத மைலேஜ், விலை கூடிய ஃபில்டரால் எப்படிக் கூடும்? பெட்ரோல் குழாயில் மாட்டினால் மைலேஜ் எகிறும் என்று ஒரு காந்தம் விற்றார்களே, அதை வாங்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது அது ஃபிரிட்ஜ் கதவில் ரசீதுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விளம்பரம், பில் இரண்டும் கையில் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: பேப்பர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன். புதிது போலத்தான் இருக்கிறது. மாட்டலாமா?

பதில்: குப்பையில் போடுங்கள். ‘கழுவக் கூடாது’ என்று அட்டையில் இருந்திருக்குமே, படிக்கவில்லையா?

கேள்வி: ஆன்லைனில் என் கார் மாடலைத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்கினேன். ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் பெட்டியோடு ஒட்டவில்லை. ‘மாட்டிப் பார்த்ததைத் திருப்பி வாங்க மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: மாட்டிப் பார்க்காமல் பொருந்தவில்லை என்று எப்படித் தெரியுமாம்? தவறு உங்களுடையது அல்ல. விளிம்பு இடைவெளியோடு ஓட்டாதீர்கள், தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேரே என்ஜினுக்குள் போகும். கிரீஸ் தடவி, டேப் ஒட்டிச் சமாளிக்கவும் வேண்டாம். பழைய ஃபில்டரையே மாட்டிக்கொண்டு, இடைவெளி தெரிகிற மாதிரி ஒரு படம், அட்டையில் உள்ள பாகத்தின் எண், நீங்கள் தேர்ந்தெடுத்த மாடல் தெரியும் ஆர்டர் பக்கம், மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். புதியதைக் கழுவவோ ஆயில் தொடவோ செய்யாதீர்கள். அதையே சாக்காக வைத்துத் தட்டிக் கழிப்பார்கள்.