டூர் கம்பெனிகள் அவகாசம் கேட்பது நியாயமா?

கேள்வி: ஐரோப்பாவில் சின்னதாக டிராவல் ஏஜென்சி நடத்தும் என் மைத்துனர், "புதுசு புதுசாக நுகர்வோர் சட்டம் போடுகிறார்கள், தயாராக நேரமே தருவதில்லை" என்று எப்போது பார்த்தாலும் புலம்புகிறார். ஜனங்களின் பணத்தைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு எதற்கு அவகாசம்? நாளைக்கே அமலுக்குக் கொண்டுவந்தால் என்ன?

பதில்: உங்கள் மைத்துனரின் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு அவர் தப்பான ஆளைத் திட்டுகிறார்.

முதலில் நியாயமான பாதி. டூர் வியாபாரத்தில் பணம் இன்று வரும், சரக்கு ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்துத்தான் கைமாறும். கோடை விடுமுறை டூர்கள் முந்தைய குளிர்காலத்திலேயே விற்றுப் போகும். விலை, நிபந்தனை, ஓட்டலோடு ஒப்பந்தம் எல்லாம் அதற்கும் முன்பே முடிவாகியிருக்கும். நடுவில் சட்டம் மாறினால், அந்த விலையில் சேர்க்காத பொறுப்பு ஒன்று ஏஜென்சியின் தலையில் வந்து விழும்.

2015 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பேக்கேஜ் டூர் சட்டத்தையே பாருங்கள். ஒருவர் ஓர் இணையதளத்தில் விமான டிக்கெட் வாங்குகிறார், அங்கே தெரியும் இணைப்பைத் தட்டி ஓட்டல் பக்கத்துக்குப் போகிறார். அவருடைய பெயர், இமெயில், பணம் கட்டும் விவரம் மூன்றும் முதல் கடையிலிருந்து இரண்டாவது கடைக்குப் போய், 24 மணி நேரத்துக்குள் அவர் அறையையும் புக் செய்துவிட்டால் அது பேக்கேஜ். ஓட்டலில் அறை சரியில்லை என்றாலும் டிக்கெட் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த மூன்று விவரமும் அப்படிப் போகாமல், பயணி போய்ப் புதிதாக எல்லாவற்றையும் டைப் செய்திருந்தால் கதையே வேறு. அப்போது அது 'இணைந்த பயண ஏற்பாடு' என்ற தனி வகைக்குள் வரலாம், அதற்குப் பாதுகாப்பு ரொம்பக் குறைவு. பத்துப் பேர் வேலை செய்யும் ஏஜென்சியில், எந்தத் திரையிலிருந்து எந்தத் தகவல் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த மென்பொருளை எழுதியவருக்கே மறந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஒப்பந்தங்களை மாற்றி எழுத வேண்டும், பணம் வாங்குவதற்கு முன் தர வேண்டிய தகவல் படிவத்தைத் தயார் செய்ய வேண்டும், கம்பெனி திவாலானால் பயணிகளுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வங்கி உத்தரவாதமோ இன்சூரன்ஸோ எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ்காரர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். மொத்தத்தில் மாதக்கணக்கில் ஆகும் வேலை.

சரி, இப்போது மீதிப் பாதி. அந்தச் சட்டம் அவகாசம் தரவில்லையா? தாராளமாகத் தந்தது. 2018 ஜனவரி 1-க்குள் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை எழுதி முடிக்க வேண்டும், ஜூலை 1 முதல் அமல். அந்த ஆறு மாத இடைவெளி, வியாபாரிகள் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துத் தயாராவதற்குத்தான். அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டன் என்ன செய்தது? விதிமுறை சட்டமானபோது ஜூலை 1-க்கு இரண்டு மாதம்கூட இல்லை. வியாபாரிகளுக்கு வைத்திருந்த நேரத்தை அரசாங்கமே தின்றுவிட்டது. அதனால் கோபப்பட வேண்டியது சட்டத்தின் மேல் இல்லை.

கேள்வி: அப்படியானால் அமல் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைப்பதில் என்ன நஷ்டம்?

பதில்: நஷ்டம் யாருக்கு என்று ஜெர்மனிக்குத் தெரியும். இதற்கு முந்தைய பேக்கேஜ் டூர் சட்டம் 1990-இல் வந்தது, நாடுகளுக்குக் கெடு 1992 டிசம்பர் 31. ஜெர்மனி கெடுவைத் தவறவிட்டது. 1993-இல் அங்கே இரண்டு டூர் கம்பெனிகள் திவாலாகின. பணம் கட்டிய சிலர் கிளம்பவே முடியவில்லை, கிளம்பிய சிலர் சொந்தச் செலவில் திரும்பி வந்தார்கள். சட்டம் நேரத்துக்கு வந்திருந்தால் அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு இருந்திருக்கும். அவர்கள் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். 'டில்லன்கோஃபர்' வழக்கு என்று பெயர்.

ஜெர்மன் அரசின் வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? கொடுத்த கெடு ரொம்பக் குறைவு என்பதுதான்! 1996 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கெடு போதாதென்றால் முறைப்படி நீட்டிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் சும்மா இருந்துவிட்டு மக்களிடம் காரணம் சொல்ல முடியாது, நஷ்ட ஈடு கொடு என்றது. எனக்கு இது ரொம்பப் பிடித்த தீர்ப்பு. அவகாசம் கேட்பதை அது தப்பென்று சொல்லவில்லை, யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்று சொன்னது.

கேள்வி: 2018 ஜூன் மாதம் புக் செய்து ஆகஸ்டில் பயணம் போனவருக்குப் பழைய சட்டமா, புதுச் சட்டமா?

பதில்: பிரிட்டனில் ஒப்பந்தம் போட்ட நாள்தான் கணக்கு. 2018 ஜூலை 1-க்கு முன் புக் செய்திருந்தால், 1990 சட்டத்தை ஒட்டி பிரிட்டன் 1992-இல் எழுதிய பழைய விதி, அதற்கு அப்புறம் என்றால் புதுசு. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு இரண்டு சட்டம்! புது விதியில் விலை 8 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம், கிளம்ப 20 நாளுக்குள் விலையை ஏற்றவே கூடாது. ரத்து செய்தால் 14 நாளில் பணம் திரும்ப வர வேண்டும். கேலிக்கூத்தாகத் தெரிந்தாலும் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லமாட்டேன். ஏற்கெனவே விற்ற டூருக்குப் புது விதி இல்லை என்பதுதான் வியாபாரிக்குக் கிடைத்த உண்மையான அவகாசம்.

கேள்வி: அடுத்த சட்டம் வருவதற்குள் என் மைத்துனர் என்ன செய்யலாம்?

பதில்: 2015 சட்டத்தையும் மாற்றப் போவதாக ஐரோப்பிய ஆணையம் 2023 நவம்பரில் வரைவு வெளியிட்டது. நாட்டின் இறுதி விதிக்காகக் காத்திருக்காமல் ஐரோப்பிய அளவில் பேச்சு நடக்கும்போதே அதைப் படிக்கச் சொல்லுங்கள். விவரங்கள் மாறலாம், போகிற திசை பெரும்பாலும் மாறாது. அப்புறம் இன்சூரன்ஸ்காரரிடம் முதலில் பேசச் சொல்லுங்கள், இணையதளக்காரரிடம் அடுத்து. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கத்தை அழகாக மாற்றி முடித்த பிறகு, உத்தரவாதத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு அரண்டு போகிறார்கள்.