மணலில் ஓட்டும்போது ஜீப் இன்ஜின் கொதிக்கிறது. கூலன்ட்டில் ஆடிட்டிவ் ஊற்றினால் சரியாகுமா?

வலிநோக்கம் பக்கம் மணலில் இறக்கினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகிறது, கடைக்காரர் ஒரு ஆடிட்டிவ் பாட்டிலைக் காட்டுகிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் போட்ட ஒருவர், "அந்தக் காலத்து தனுஷ்கோடி ஜீப்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், கொதித்தால் கடல் தண்ணியை மொண்டு ஊற்றுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ரோடு இல்லாத காலத்தில் மணல் வழியே ஆட்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போன அந்த ஜீப்காரர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் மண்டபம் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. அந்த பாட்டில் ஏமாற்று வேலை இல்லை. தண்ணீரின் பரப்பு இழுவிசையை அது குறைக்கிறது. சிலிண்டர் ஹெட்டில் மிகச் சூடான இடங்களில் நீராவிக் குமிழி ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இரும்பைத் தொட விடாமல் தடுக்கும். ஆடிட்டிவ் சேர்த்தால் அந்தக் குமிழி சீக்கிரம் விலகும், சூடு தண்ணீருக்கு இறங்கும். ஆனால் இந்தப் பலன் முழுதாகத் தெரிவது வெறும் தண்ணீர் ஓடும் வண்டியில்தான். ரேஸ் டிராக்குகள் பலவற்றில் கிளைகால் (கூலன்ட்டில் இருக்கும் ரசாயனம்) கலந்த கூலன்ட் கூடாது, சிந்தினால் வழுக்கும் என்று விதி உண்டு. அங்கே வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்களுக்காக வந்த சரக்கு இது. உங்கள் வண்டியில் இருப்பது கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவையாகத்தான் இருக்கும். அதில் கிடைக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். முள் சிவப்புக்குப் போகிற வண்டியை அது காப்பாற்றாது.

ஏன் சூடாகிறது என்று பாருங்கள். மணலில் வண்டி பதினைந்து இருபது வேகத்தில் ஊர்கிறது, இன்ஜினோ முழு பாரத்தையும் இழுக்கிறது. முன்னாலிருந்து காற்று வராது, ஃபேன் இழுப்பதுதான் காற்று. இதோடு நம் கடற்கரைக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையைப் பார்த்து ஓட்டினால் காற்று முதுகில் இருக்கும். வண்டி வேகமும் காற்று வேகமும் ஒன்றாகிவிட்டால் ஃபேன் இழுப்பதைத் தவிர ரேடியேட்டருக்கு வருவது ஒன்றுமில்லை. அதே வண்டி திரும்பி வரும்போது முள் தானாக இறங்கும். அப்பா சவாரியில் வண்டியை நிறுத்தினால் எப்போதும் மூஞ்சியைக் காற்றுக்குக் காட்டித்தான் நிறுத்துவார். பானெட்டைத் தூக்கிவிட்டு இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் விடுவார். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஒரு கையால் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்ப்பார். மேலே கொதித்து கீழே சில்லென்று இருந்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரைச் சுற்ற விடும் வால்வு) திறக்கவில்லை, இல்லையென்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. இது அறிவு இல்லையா?

கடல் தண்ணியாம்! சவாரிக்குக் கிளம்பும்போது ஒரு கேன் ஊருணித் தண்ணீர் சீட்டுக்கு அடியில் இருக்கும். கிணற்றுத் தண்ணீரைக்கூட ரேடியேட்டர் பக்கம் விடமாட்டார். எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. உள்ளே காரை கட்டும், அலுமினியத்தை அரிக்கும். மழைத் தண்ணீர் நின்ற ஊருணியில் அது குறைவு. இன்று நீங்கள் பேட்டரி தண்ணீர் வாங்கி ஊற்றினால் போதும், செய்வது அதே வேலைதான்.

அண்மையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் இதே புகாரோடு வந்தது. பின் சீட்டில் ஆடிட்டிவ் பாட்டில்கள். ஊரில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஏற்கெனவே ஒரு பாட்டில் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள், ரேடியேட்டரை யாரும் திறந்து பார்க்கவில்லை. முன்னால் நின்று பார்த்தால் பளிச்சென்று இருந்தது. ஆனால் முன்னால் தெரிவது ஏசி கண்டன்சர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால். ஃபேன் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன், முன்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மணல், உப்பு, சீமைக்கருவேல இலை எல்லாம் ஈரத்தில் இறுகி அடை போல ஒட்டியிருந்தது. கண்டன்சரை நகர்த்தி, ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டோம். பிரஷர் வாஷ் வைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிவிடும். சாம்பல் நிறத்தில் சேறு ஓடிக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றினால் அதன் ரப்பர் வெடித்திருந்தது. பாதிக்குப் பாதி கலவை சாதாரணமாக 106 டிகிரி வாக்கில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் 125ஐத் தாண்டும். மூடி பிடிக்கவில்லை என்றால் எந்த பாட்டிலாலும் பயனில்லை. மூடி மாற்றி, பழையதை வடித்து, புதுக் கூலன்ட் ஊற்றினேன். அன்று சாயங்காலமே மணலில் ஏற்றிப் பார்த்தோம், முள் நடுவை விட்டு நகரவில்லை.

இன்ஜினியரிங் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். ஆடிட்டிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிற வண்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள், உங்கள் கூலன்ட்டோடு சேருமா என்று லேபிளைப் பார்த்துவிட்டு. ஓட்டை அடைக்கிற பாட்டில் வேறு, அதை மட்டும் தொடாதீர்கள். ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டரின் மெல்லிய குழாயையும் அடைக்கும்.

அப்புறம் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. நல்லது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன் ரோடு முடிந்த முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் அத்தனை வருஷம் சனங்களைப் பத்திரமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வந்த என் அப்பாவை, இனி என்ன செய்வீர்கள் என்று ஒருத்தர் வந்து கேட்கவில்லை. ஜீப்பை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். இன்று யாரோ உட்கார்ந்த இடத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுகிறார்.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். மணலில் டயர் காற்றை 15-18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், இன்ஜினுக்குப் பாரம் நன்றாகக் குறையும். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைந்த கியரில்) போடுங்கள், தண்ணீர் பம்பும், இன்ஜினோடு சுற்றும் ஃபேனாக இருந்தால் அதுவும் வேகமாகச் சுற்றும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னால் கேட்காதீர்கள். வடித்த கூலன்ட்டை மண்ணில் விடாதீர்கள், இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கினால் செத்துப்போகும். இதெல்லாம் செய்தும் சூடானால், இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு) போயிருக்கலாம். அப்படியென்றால் ஓட்ட வேண்டாம், கட்டி இழுத்து ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போங்கள்.