கட்சிக்காரர் பேசும் ஸ்பானிஷ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹூஸ்டனில் ஒரு சிறிய குடிவரவு வழக்கறிஞர் அலுவலகத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் ஹோண்டுராஸ், குவாத்தமாலா, மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். வரவேற்பில் இருக்கும் பெண்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். ஆறு மாதமாக டுவோலிங்கோ செயலியில் ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன்’ என்று சொல்ல வருகிறது. எதிரே இருப்பவர் பேச ஆரம்பித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எவ்வளவு காலம் ஆகும், எங்கிருந்து தொடங்குவது? தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது பயன் உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தர 600 முதல் 750 மணி நேர வகுப்பு ஒதுக்குகிறது. வாரம் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் என்று நீங்கள் படித்தால் அதே தூரத்தைக் கடக்க இரண்டேகால் வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை ஆகும். ஆனால் கட்சிக்காரர் முதல்முறை வந்து உட்காரும் அரை மணி நேரத்துக்கு வேண்டிய ஸ்பானிஷுக்கு அவ்வளவு தேவையில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்தின் முதல் சந்திப்புப் படிவத்தை எடுத்து, அதில் உள்ள கேள்விகளை முப்பதாகச் சுருக்குங்கள். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் கொடுத்து, கேள்விகளையும், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து விதமான பதில்களையும் வேகமான பேச்சுநடையில் போனில் பதிவு செய்து வாங்குங்கள். முக்கியம் பதில்கள்தான். கேள்வியை மனப்பாடம் பண்ணிவிடலாம், ஆனால் பதில் எந்த உருவத்தில் வரும் என்று தெரியாது. ஹோண்டுராஸ், எல் சல்வடோர்க்காரர்கள் பேச்சில் ‘ஸ்’ பாதி கரைந்து ‘ஹ்’ ஆகிவிடும்; ‘லோஸ் நீஞோஸ்’ (குழந்தைகள்) என்று பாடத்தில் படித்தது ‘லோஹ் நீஞோ’ என்று காதில் விழும். செயலி இதைச் சொல்லித்தராது.

அதிகம் சறுக்குவது தேதிகளில்தான். தஞ்சம் கோரும் ஐ-589 விண்ணப்பத்தை நாட்டுக்குள் கடைசியாக வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, தாண்டினால் அந்த வழி அடைபடும். ‘குவாந்தோ யெகோ?’ (எப்போது வந்து சேர்ந்தீர்கள்) என்று கேட்டால் ஹூஸ்டனுக்கு வந்த நாளைச் சொல்பவர்கள் உண்டு. எல்லையைத் தாண்டிய நாள்தானே உங்களுக்கு வேண்டும்? ‘குவாந்தோ க்ரூஸோ லா ஃப்ரோந்தேரா?’ என்று கேளுங்கள். தேதி நினைவில்லை என்றால் பண்டிகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: புனித வாரத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) முன்பா பின்பா, அன்னையர் தினத்துக்கு முன்பா பின்பா. மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சல்வடோரில் அது எந்தக் கிழமையானாலும் மே 10. ஹோண்டுராஸில் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.

அவர்கள் தேதி எழுதுவது நம்மைப்போல நாள், மாதம், வருடம். அமெரிக்கப் படிவத்தில் மாதம் முன்னால். 03/04 என்று எழுதித் தந்தால் ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ‘கின்ஸே தீயாஸ்’ என்றால் பதினைந்து நாள். பேச்சில் அது இரண்டு வாரம். ‘ஓச்சோ தீயாஸ்’, எட்டு நாள், ஒரு வாரம். வாய்தா தேதியை ‘இத்தனை நாளில்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கிழமை, தேதி, மாதத்தின் பெயர் மூன்றையும் எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அடுத்தது உறவு. ‘மி எஸ்போஸோ’ (என் கணவர்) என்று ஒரு பெண் சொன்னதும் திருமணமானவர் என்று குறித்துவிட வேண்டாம். சேர்ந்து வாழ்பவரையும் அப்படிச் சொல்வார்கள். மெக்சிகோவில் தேவாலயத் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை, சிவில் பதிவு வேண்டும். அதனால் ‘போர் லோ சிவில் ஓ போர் லா இக்லேஸியா?’ (சிவில் பதிவா, தேவாலயத்திலா) என்று இரண்டையும் கேளுங்கள். ‘ப்ரீமோ எர்மானோ’ என்பதில் ‘எர்மானோ’ மட்டும் காதில் விழுந்து சகோதரர் என்று எழுதிவிடுவதும் நடக்கும். அவர் சித்தப்பா, மாமா வழிப் பிள்ளை. பெரியப்பா பையனை ‘அண்ணன்’ என்று அமெரிக்கப் படிவத்தில் எழுதிவிட்டு மாட்டிக்கொள்ளும் நம்மவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை.

தமிழ் உதவுமா என்றால், நன்றாகவே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் ‘தியேம்போ’வை (நேரம்) ‘டியேம்போ’ ஆக்குவார்கள். உங்கள் நாக்கில் ‘த’ ஏற்கெனவே இருக்கிறது. ‘நீ’, ‘நீங்கள்’ பழகியவருக்கு ‘தூ’, ‘உஸ்தேத்’ புரியும். எதிரே இருப்பவர் இருபது வயதுப் பையனாக இருந்தாலும் ‘உஸ்தேத்’தே போடுங்கள். ஆனால் தமிழில் இல்லாத ஒன்று அழுத்தம். ‘ஃபிர்மோ’வில் முதல் அசையை அழுத்தினால் ‘கையெழுத்திடுகிறேன்’, கடைசி அசையை அழுத்தினால் ‘அவர் கையெழுத்திட்டார்’. ஆளும் காலமும் சேர்ந்தே மாறுகின்றன. நம் காது இதைச் சுலபமாகத் தவறவிடும், தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும்.

‘மே பெகோ’ என்றால் என்னை அடித்தார், ஒருமுறை. ‘மே பெகாபா’ என்றால் அடித்துக்கொண்டே இருந்தார், அதாவது வழக்கமாக அடிப்பார். இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதி அனுப்பினால், பிறகு நேர்காணலில் அவர் பலமுறை என்று சொல்லும்போது அதிகாரி முரண்பாடு என்று குறித்துக்கொள்வார். கட்சிக்காரர் பொய் சொல்லவில்லை, எழுதியவர் வினைமுற்றைக் கவனிக்கவில்லை. ‘ஸே லோ யெவாரோன்’ இன்னொன்று: ‘அவனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.’ தமிழைப் போலவே யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். போலீஸா, கும்பலா என்பதில்தான் தஞ்ச வழக்கே நிற்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி ‘கியேனேஸ்?’ (யார் யார்?) என்று கேட்கத் தெரிந்தால் போதும், படித்த பாதி வீண்போகவில்லை.

‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், ‘ஸீ’ (ஆமாம்) என்றுதான் பதில் வரும். நான் சரியாக விளக்கினேனா என்று பார்க்க, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். குவாத்தமாலா மலைப்பகுதிக்காரர்களிடம் ‘ஸ்பானிஷ் தெரியுமா’ என்று கேட்பதைவிட, வீட்டில் அம்மாவோடு என்ன மொழி பேசுவீர்கள் என்று கேளுங்கள். மாம், கிச்சே, கெக்ச்சி என்று ஏதாவது மாயா மொழியின் பெயர் பதிலாக வந்தால் உங்கள் ஸ்பானிஷை மடித்து வைத்துவிட்டு அந்த மொழிக்கு இன்டர்பிரட்டரைத் தேட வேண்டியதுதான்.

எவ்வளவு தேறினாலும் சில இடங்களில் உங்கள் ஸ்பானிஷ் செல்லாது. குடியுரிமை சேவை அலுவலகத்தின் தஞ்ச நேர்காணலுக்கு விண்ணப்பதாரர் தாமே இன்டர்பிரட்டரை அழைத்து வர வேண்டும். அந்த இன்டர்பிரட்டர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விண்ணப்பதாரரின் வழக்கறிஞரோ சாட்சியோ அந்த வேலையைச் செய்யக் கூடாது. குடிவரவு நீதிமன்றத்தில் நீதிமன்றமே ஏற்பாடு செய்யும். ஒருவரோடு மொழி எட்டவில்லை என்றால் தகுந்த ஆளை ஏற்பாடு செய்வது வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2021-இல் வெளியிட்ட 500-ஆம் எண் கருத்துரையும் சொல்கிறது. கட்சிக்காரரின் பத்து வயது மகளை அதற்கு உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அப்பா அடித்ததை அம்மா எப்படிச் சொல்வார், மகள் வாயால்?

உங்கள் வரவேற்பறைப் பெண் செய்வது இரண்டாவது வேலை, அதற்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலம் தெரியாதவரின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் தாக்கல் செய்தால், அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்ற சான்று கூடவே போக வேண்டும். வாசித்துக் காட்டுபவர் அதில் கையெழுத்திட வேண்டும். அவர் யார் என்பதை வாக்குமூலம் எழுத ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், கடைசி நாள் மாலையில் ஆள் தேடாமல்.