முதியோர் இல்லத்தில் அம்மா: சலக்குழாய் போடலாமா?

கேள்வி: 79 வயதான அம்மா திருகோணமலையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சீனி வருத்தம் உண்டு. ஒரு மாதமாகச் சலத்தை அடக்க முடியவில்லை. நாள் முழுக்கப் பம்பஸ்தான். கதீற்றர் (சலக்குழாய்) போட்டால் எல்லோருக்கும் சுகம் என்கிறார்கள். போடலாமா? (நிலாவெளி வாசகி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தச் சுகம் இல்லத்துக்குத்தான். குழாய் ஒரு மாதம் கிடந்தால் அநேகமாக எல்லோருக்கும் சலத்தில் கிருமி சேர்ந்துவிடும்.

ஒரு மாதத்துக்குள் தொடங்கியது என்றால் காரணம் தேடலாம். மலம் இறுகியிருக்கிறதா, சீனி ஏறியிருக்கிறதா, புதுக் குளிசை ஏதும் தொடங்கினார்களா என்று கேளுங்கள். சலத்தைக் கூடப் போகவைக்கும் தண்ணிக் குளிசையைப் பின்னேரம் கொடுத்துவிட்டு, இரவில் படுக்கை நனைகிறது என்று முறைப்பாடு சொல்லும் இல்லங்களும் இருக்கின்றன. அம்மா குடிக்கும் தண்ணீரை இல்லத்தார் தாங்களாகவே குறைத்தால் விடாதீர்கள். இந்த வெயிலில் அது மலத்தை இன்னும் இறுக்கும்.

பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை "சலம் வருதா அம்மா?" என்று கேட்டு, கொமட்டில் இருத்தி, நனைந்திருந்ததா என்று கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் பலன் தெரியும். தெரியாவிட்டால் பம்பஸே இருக்கட்டும், நேரத்துக்கு மாற்றினால் சரி. "ஆள் இல்லை" என்பார்கள். மாதக் காசு வாங்க மட்டும் ஆள் இருக்கும்.

"இடத்துக்கே வந்து குழாய் போட்டுத் தருகிறோம்" என்று திரிபவர்களிடம் கவனம். போட ஒரு காசு, மாற்ற ஒரு காசு. பிறகு சலம் மணக்கிறது என்று ஒரு ரிப்போட், அதில் கிருமி என்று அன்ரிபயற்றிக். குழாய் உள்ளவருக்குக் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சலோ நோவோ திடீர் மனத்தடுமாற்றமோ இல்லாமல் அதற்கு மருந்து எதற்கு?

ஒன்று மட்டும் வேறு கதை. சலம் முழுதாக வெளியேறாமல் சலப்பை நிரம்பி வழியலாம். அப்போது ஓயாமல் சொட்டும், போய்வந்த பிறகும் அடிவயிறு உப்பியிருக்கும். நாட்பட்ட சீனிக்காரருக்கு நரம்பு மரத்து நோவே தெரியாமல் போகலாம், ஆகவே நோவில்லை என்று சும்மா இருக்காதீர்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிற்றன்கூட வயதானவர்களுக்குச் சலத்தை அடைக்கலாம். சலம் கழித்த உடனே ஸ்கேன் பண்ணினால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். நிறைய மிஞ்சினால் குழாய் தேவைதான், அதுவும் காரணம் தீரும்வரை.

அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. நடக்க மாட்டாதவரையும் விடியவே கொண்டுவந்து வரிசையில் இருத்தும் கிளினிக் முறையை யார் திருத்தப்போகிறார்களோ! போகும்போது அந்தக் கொப்பியையும் குளிசை மட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.